மேல் வரிக்காரர் வடை வாங்க வேண்டும்

சிவசங்கரனைத் தப்பு செய்வதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். நாட்டில் தப்பு செய்துகொண்டே சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலையே அதுதான் என்று எழுதிக் கொடுத்து வாங்குகிறவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

வைட்ஃபீல்டில் ஒரு சின்னக் கம்பெனி. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டுவதற்கென்று ஒரு கணினி மொழியும், அந்த மொழியில் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலரும் அவர்கள் சரக்கு. ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது தடுக்கி விழுந்தால், எங்கே விழுந்தது, யார் யார் கை மாறி அந்தச் செய்தி மேலே வந்து சேர்ந்தது என்று வரிவரியாகத் திரையில் வரும். அதற்கு ட்ரேஸ் என்று பெயர். அந்த ட்ரேஸ் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது சிவசங்கரன் வேலை. அதைப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஏதாவது விழுந்தாக வேண்டுமே? ஆகவே விழுவதற்கென்றே சின்னச் சின்ன ப்ரோகிராம்களை எழுதுவார். பக்கத்திலேயே, இது இந்த வரியில் விழும், ட்ரேஸ் இப்படி இப்படி வரும் என்று அதற்கு ஜாதகமும் எழுதி வைப்பார். ஜாதகப்படி விழுந்தால் திரையில் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

இதை ஆம்பூரில் இருக்கும் மாமியார் வேதநாயகிக்கு ஒரு தீபாவளியின்போது பொறுமையாக விளக்கினார். அந்த அம்மாளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டில், "மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா ஆபீஸ்ல தினம் தப்புத்தப்பா எழுதறாராம். அவங்களும் என்ன நினைச்சாங்களோ, இன்னும் அனுப்பாம வெச்சிருக்காங்க" என்று கவலைப்பட்டார்.

தொழில் புத்தி வீட்டிலும் விடாது. பொம்மனஹள்ளி வீட்டில் சாம்பாரில் உப்புக் கரித்தால், மற்ற கணவன்மார்கள்போலத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லை அவர். கரிப்பு எங்கே ஆரம்பித்தது, எப்படித் தட்டு வரைக்கும் வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

"உப்பு நான் ஒரு தடவைதான் போட்டேன்" என்பாள் மனைவி ஸ்ரீவித்யா. "நான் போன்ல இருந்தப்ப நீங்க வந்து 'உப்பு போட்டாச்சா'ன்னு கேட்டீங்க. நான் தலையாட்டினேன். அது ஆமாவா இல்லையான்னு தெரியாம நீங்க ஒரு கரண்டி போட்டீங்க. ட்ரேஸ் முடிஞ்சுதா? இப்ப சாப்பிடுங்க."

இப்படி அவர் துப்புத் துலக்கிய பல வழக்குகள் அவர் வாசலிலேயே வந்து முடிந்திருக்கின்றன. அதற்காகத் துலக்குவதை அவர் நிறுத்தியதில்லை. மனிதர் அந்த விஷயத்தில் நேர்மையானவர்தான்.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. கம்பைலரைச் சோதித்தது போதும், கம்பைலரையே எழுத வேண்டும். வருஷக்கணக்காகப் பந்தியில் ருசி பார்த்துக் குறை சொன்னவருக்கு ஒருநாளாவது கரண்டி பிடித்துப் பார்க்க ஆசை வருமா வராதா? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபிராங்க்ளின் தலைமையில் கம்பைலர் குழு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் காபி மெஷின்கூடப் புதுசு. ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும், "நீங்க போயிட்டா டெஸ்டை யார் பாத்துப்பா சிவா?" என்பார்கள். இது பாராட்டா தண்டனையா என்று அவரால் துலக்க முடிந்ததில்லை.

புதிதாக வந்த மேலாளர் பிரபாதான் முதன்முதலில் வழி காட்டினாள். வயதில் சின்னவள், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"உங்க டெஸ்ட் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திக் கொடுங்க சிவா. புது வெர்ஷன் வாடிக்கையாளருக்குப் போகட்டும். இந்தக் காலாண்டு முடியற வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட்கூட வரக்கூடாது. வரலைன்னா நீங்க ஃபிராங்க்ளின் டீம். ஒண்ணு வந்தாலும் இல்ல."

ஒழுங்குபடுத்துவது என்றால் சாமான்யமில்லை. அத்தனை டெஸ்டுகளும் ஒரே கோப்பில் அனுமார் வால்போல நீண்டு கிடந்தன. ஒவ்வொரு ஜாதகத்திலும் இத்தனையாவது வரியில் விழும் என்று எழுதியிருக்கிறதல்லவா? கோப்பின் தலையில் யாராவது ஒரு வெற்று வரி சேர்த்தால் போதும், கீழே இருப்பவை எல்லாம் ஒரு படி இறங்கி, அத்தனை ஜாதகமும் பொய்யாகிவிடும். ஒருமுறை பக்கத்து இருக்கை ஹரிஷ், நல்ல பிள்ளையாகக் கோப்பின் உச்சியில் ஒரு வணக்கம் எழுதப்போய், திரை முழுக்க ரத்தக்களறி ஆனது. அன்றிலிருந்து, அந்தக் கோப்பில் எதைச் சேர்த்தாலும் அடியில்தான் சேர்க்க வேண்டும், மேலே கை வைக்கக் கூடாது என்பது அலுவலகத்தில் ஆகமவிதி. ஏன் என்று கேட்காமலே புதியவர்களும் கடைப்பிடித்தார்கள்.

சிவசங்கரன் அதை உடைத்தார். ஒரு டெஸ்டுக்கு ஒரு கோப்பு, வகைக்கு ஒரு அடுக்கு. நடு வழியில் கை மாறுகிற பிழைகள் ஒரு பக்கம், வேகமாக ஓடும்போது மட்டும் ட்ரேஸ் சுருங்கிப்போகிறவை ஒரு பக்கம். பிழையை யாருக்கும் சொல்லாமல் நடுவில் ஒருவர் அமுக்கிவிடுகிற ப்ரோகிராம்களுக்குத் தனி அடுக்கு. அதற்கு 'விழுங்கியவை' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கை வைத்தது வைத்தோம், இதையும் செய்துவிடலாம் என்று பிரபா இன்னொன்றைச் சேர்த்தாள். இதுவரை ட்ரேஸில் விழுந்த இடம் முதல் வரியில் இருந்தது. தலைமை ப்ரோகிராம் கடைசி வரியில். அதை அப்படியே தலைகீழாக்கி, தலைமை மேலே, விழுந்த இடம் அடியில். ஹைதராபாத் மாநாட்டில் எல்லோரும் அப்படித்தான் காட்டினார்களாம். ஃபிராங்க்ளின் குழு அரை நாளில் மாற்றிவிட்டது. டெஸ்டு அத்தனையும் சிவப்பு.

"அண்ணா, ஒரே கமாண்டு இருக்கு" என்றான் ஹரிஷ். "எது வருதோ அதையே சரின்னு ஜாதகத்துல எழுதிக்கும். எல்லாம் பச்சை ஆயிடும்."

"பையன் எழுதினதைப் பாத்து வாத்தியார் விடைத்தாள் தயார் பண்ணின மாதிரி இருக்கும்" என்றார் சிவசங்கரன். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் மாற்றினார். கழுத்து பிடித்துக்கொண்டது. ஸ்ரீவித்யா தைலம் தேய்த்துவிட்டாள். கடைசியில் எல்லாம் பச்சை, எல்லாம் உண்மைப் பச்சை. புது வெர்ஷன் கிளம்பிப் போனது. ஒரு முணுமுணுப்பு இல்லை. சிவசங்கரன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னலோர நாற்காலி ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

காலாண்டு முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது, அவருடைய சொந்தக் கைபேசிக்கு பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து கன்னடமும் தமிழுமாக ஓர் அழைப்பு வந்தது.

"நமஸ்காரா சார், கிருஷ்ணப்பா மாத்தாட்றது. ஏனு சார் இது? டெய்லி வடை நானே வாங்கறேன்!"

கிருஷ்ணப்பா, பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சூப்பர்வைசர். பழைய வாடிக்கையாளர். முன்பு ஒரு பயிற்சியில் பழகியதில் எண் வைத்திருந்தார். வடைக்கும் கம்பைலருக்கும் என்ன சம்பந்தம் என்று சிவசங்கரனுக்கு விளங்கவில்லை. ஆனால் தொலைபேசியில் விசாரித்தால் அது காதுக்குக் காது அலுவலகம் முழுக்கப் பரவிவிடுமே! பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு, பச்சை லைன் மெட்ரோ பிடித்து பீன்யா போய் இறங்கினார்.

வடை விவகாரம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொருவரும் தான் எழுதிய பகுதிக்குத் தன் பெயரையே வைத்திருந்தார்கள். மூடி நேராக இருக்கிறதா என்று சென்சார் பார்ப்பதைப் படித்துச் சொல்வது ராம்கி. பெல்ட்டை ஓட்டுவது இளங்கோவன். எல்லோரையும் அழைத்து வேலை வாங்கும் தலைமை ப்ரோகிராம் கிருஷ்ணப்பா. இயந்திரம் நின்றால் ட்ரேஸை அச்செடுத்துப் பலகையில் குத்துவார்கள். அதில் முதல் வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அந்த ஷிஃப்டுக்கே வடை வாங்க வேண்டும். கண்டுபிடித்தவர் கிருஷ்ணப்பாதான். தண்டனையும் ஆயிற்று, டிஃபனும் ஆயிற்று என்று அதில் அவருக்குப் பெருமை. புது வெர்ஷன் வந்ததிலிருந்து, எவன் எங்கே விழுந்தாலும் முதல் வரி கிருஷ்ணப்பா.

"ஷிஃப்டே சிரிக்குது சார்" என்றார். வேதனை உண்மையானது. "பழைய மாதிரி மாத்திக் குடுங்க. மேலே இருக்கறவன் வாங்கணும், அதுதானே ரூல்?"

"மேல இருக்கறவர்தான் தப்பு பண்ணவர்னு யார் சார் சொன்னா?"

"நீங்கதானே சார் மேலே போட்டீங்க?"

 சிவசங்கரன் பலகையைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போனார். பழைய தாள்களும் குத்தியபடியே இருந்தன. பழைய வரிசையில் வந்தவற்றில், ஆரம்பத்தில் தாளுக்குத் தாள் முதல் வரி ராம்கி. ஒரு கட்டத்துக்குப் பிறகு ராம்கி பெயரே இல்லை. புது வெர்ஷன் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தப் பெயர் காணாமல் போயிருந்தது. எதுவும் திடீரென்று நின்றுபோனால் சந்தேகப்படு என்பது அவர் தொழில் பாடம். டீக்கடையில் ராம்கியைப் பிடித்தார். கிருஷ்ணகிரிக்காரர், கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அப்பா.

"சென்சார் கண்ணுல எண்ணெய் தெறிச்சா அது பேசாதுண்ணா" என்றார் ராம்கி. "பேசலைன்னு முதல்ல சொல்றது நான். சொன்னா என் பேரு மேல. எண்ணெயை நானா தெளிச்சேன்? வடை மட்டும் என் தலையில. வாங்கி வாங்கிப் பாத்தேன். அப்புறம் ஒண்ணு பண்ணிட்டேன்."

"என்ன பண்ணீங்க?"

"அது பேசாட்டியும், மூடி நேராத்தான் இருக்குன்னு நானே சொல்லிடறேன்."

"அப்ப கோணல் மூடி வந்தா?"

"போயிடும்ணா."

"எங்க?"

"பாட்டிலுக்கு" என்று சொல்லிவிட்டு ராம்கி டீயைப் பார்த்தார். ஹெசரகட்டாவில் ஒரு கடையில் சோடா பாட்டில்கள் தாமாகவே திறந்துகொண்டு கடைக்காரரின் கல்லாப்பெட்டியை நனைத்த செய்தி முந்தின வாரம்தான் தொழிற்சாலைக்கு வந்திருந்தது. கிருஷ்ணப்பா அதை இன்னும் துலக்கிக்கொண்டிருந்தார்.

 இத்தனை வருஷம் சிவசங்கரன் ட்ரேஸ் உண்மை பேசுகிறதா என்று மட்டும் பார்த்தார். அதைப் படிக்கிறவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னவனிடம் வடைக் காசு வசூலித்தால் அப்புறம் எவன் சொல்வான்?

விடைபெறும்போது கிருஷ்ணப்பா தோளில் கை போட்டார். "எழுத்துல கம்ப்ளெய்ண்ட் குடுக்கல சார். உங்களுக்குக் கெட்ட பேரு வரும். நீங்களே பாத்து பண்ணிக் குடுங்க."

இந்த இடத்தில் சிவசங்கரனை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததும் அவருக்கு வந்தது நிம்மதிதான். எழுத்தில் இல்லை! காலாண்டு முடியட்டும், நாற்காலியில் உட்காரட்டும், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். கம்பைலர் குழுவில் இருந்துகொண்டு சரிசெய்தால் இன்னும் நன்றாகவே செய்யலாமே! மனசுக்குச் சாக்கு சொல்லிக் கொடுக்க ஆள் வைக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் பிரபா பல்வலி எப்படி என்று விசாரித்தாள். "பரவாயில்ல" என்றார். "எல்லாம் பச்சைதானே?" என்றாள். "பச்சைதான்" என்றார். அதுவும் பொய்யில்லை. ஆனால் திரையில் அடுக்குகளின் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் கண் 'விழுங்கியவை' என்பதில் போய் நின்றது. தாமே ஆசையாக வைத்த பெயர் தம்மையே பார்த்து முறைக்கும் என்று யார் கண்டார்கள்? பெயரை மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். வீட்டில் சாம்பார் உப்பே இல்லாமல் இருந்தது; வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். ஸ்ரீவித்யா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. அப்புறம் ஏன் உப்பு கேக்கல? என்ன பண்ணீங்க?"

சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த ராம்கி வடைக்குப் பயந்தாரு. நீங்க நாற்காலிக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

மறுநாள் ஆபீஸ் வேன் சில்க் போர்டு நெரிசலில் வழக்கம்போல நின்றபோது, மடிக்கணினியைத் திறந்து அவரே புகார் எழுதினார். வேறு வடிவம் வரவில்லை. கை பழகின வடிவத்திலேயே வந்தது.

கோணல் மூடி கடைக்குப் போனது.
சென்சார் பேசாததைச் சொல்லவில்லை, சொன்னால் வடை: ராம்கி.
மேல் வரிக்காரர் வடை வாங்க வேண்டும் என்றவர்: கிருஷ்ணப்பா.
எந்த வரி எதைக் குறிக்கிறது என்று எங்கும் எழுதாமல் அனுப்பியவர்கள்: நாம்.
தெரிந்த பிறகும் விழுங்கியவர், சொன்னால் நாற்காலி இல்லை: சிவசங்கரன்.
ஒரு புகாரும் வரக்கூடாது என்றவர்: பிரபா.

கடைசி வரியை அழித்தார். ஒரு வரி குறைந்த ட்ரேஸ் ட்ரேஸே இல்லை என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறார்! மறுபடி போட்டார். வேன் நகர்வதற்குள் அனுப்பியும் விட்டார். அனுப்பிய பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அந்த ஜன்னலோர நாற்காலிக்காக மனசார வருத்தப்பட்டார்.

பிரபா கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"இதுல என் பேரு ஏன் சிவா இருக்கு?"

"கடைசியிலதான் இருக்கு."

"புது வரிசைப்படி கடைசி வரிதானே விழுந்த இடம்? அப்ப என்னாலதான்னு சொல்றீங்களா?"

"பழைய வரிசைப்படி பாத்தா மூடிதான்."

"இதை எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்?" என்றாள், கொஞ்சம் குரலை உயர்த்தியே.

"அதைத்தான் நாம எங்கயும் எழுதலை, பிரபா."

அவள் திரும்பப் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. 'பல்வலி' என்று ஒரு வார்த்தை சொல்லி அவரை முறைத்தாள்.  ஒரு புகார் வந்தாலும் இல்லை என்று சொன்னவள் அவள். இப்போது புகார் வந்திருக்கிறது, கொடுத்தவர் எதிரே நிற்கிறார். விதிப்படி அவரை அனுப்பிவிட்டு நாளைக்கு யாரிடமிருந்து புகாரை எதிர்பார்ப்பது? கிருஷ்ணப்பாவின் வடை தன் மேசையில் வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. புத்திசாலிப் பெண். ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டாள்.

"ட்ரேஸ்ல எந்த வரி என்னன்னு சொல்ற மாதிரி ஒரு வரி சேர்க்கணும். கம்பைலர்ல. யாரு செய்வா?"

"ஆளுங்க எல்லாம் பிஸியா இருக்காங்க" என்றார் ஃபிராங்க்ளின். இதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார்.

"சிவாவை எடுத்துக்கங்க" என்றாள் பிரபா. "கம்ப்ளெய்ண்ட் கொடுத்தவரே வந்து சரி பண்ணட்டும். காலாண்டுக் கணக்கெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஜன்னலோர நாற்காலியில் ஃபிராங்க்ளின் குழுவில் யாரோ பை வைத்திருந்தார்கள். கதவோர நாற்காலிதான் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து சிவசங்கரன் தம் வாழ்க்கையின் முதல் கம்பைலர் வரியை எழுதினார். 'பிழை தொடங்கிய இடம்' என்று முதலில் எழுதினார். அப்படியென்றால் வடை மறுபடி ராம்கி தலையில்தான் விழும். அழித்துவிட்டு, விழுந்த இடத்தைக் காட்டும் வரிக்குப் பக்கத்தில் 'முதலில் கண்டு சொன்னது' என்று வரும்படி எழுதினார். அவ்வளவுதான். அதற்கு அரை நாள் ஆயிற்று என்று ஃபிராங்க்ளின் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

பீன்யாவுக்கு அது போய்ச் சேர்ந்த அன்று மாலை கிருஷ்ணப்பாவிடமிருந்து அழைப்பு.

"சார், ராம்கி தன் ப்ரோகிராமைத் திருத்தி, சென்சார் பேசலைன்னு இன்னைக்கு சொல்லிட்டான். பக்கத்துல முதல்ல கண்டு சொன்னதுன்னு போட்டிருக்கு. பெல்ட்டை நிறுத்தித் துடைச்சோம். இதுக்கு அவன்கிட்ட எப்படி சார் வடை கேக்கறது? நானே வாங்கிக் குடுத்தேன். அவனுக்கு ஒண்ணு ஜாஸ்தி."

ஆனால் சிவசங்கரன் எதற்காகப் பிறந்தாரோ அந்த நிமிஷம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு டெஸ்டுகளை ஓடவிட்டார். அவரே ஒழுங்குபடுத்தியவை, அவரே கழுத்து வலிக்க எழுதிய ஜாதகங்கள். எல்லா ட்ரேஸிலும் புதிதாக மூன்று வார்த்தை. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் சிவப்பு.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹரிஷ் ஓடி வந்தான். "யாருண்ணா இது? யார் கை வெச்சா?"

எத்தனையோ வருஷமாக அடுத்தவர் வரியால் சிவந்த திரை அது. இன்றைக்குத்தான் அவருடைய வரியால் சிவந்திருக்கிறது. சிவசங்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான்தாம்பா" என்று எழுந்து நின்று சொன்னார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, எல்லோருக்கும் வடை வாங்கப் படியிறங்கிப் போனார்.